கொரட்டூர் வரை ஒரு பாட்டு

இந்த உலகத்தில் பாட்டை முழுசாகக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாமெல்லாம் பல்லவியைக் கேட்டு, முதல் சரணத்தில் பாதியைக் கேட்டு, 'சூப்பர்ல' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ஆட்கள். நான் இன்னும் ஒரு படி மோசம். பாட்டுக் கேட்கிற மென்பொருளையே சொந்தமாக எழுதியவன். எழுதி முடித்த நாளிலிருந்து அதில் ஒரு பாட்டைக்கூடக் கடைசிவரை கேட்டதில்லை.

அந்த ஒருவரின் பெயர் எனக்குத் தெரியாது. வேப்பம்பட்டில் நான் காலையில் ஏறும் மின்சார ரயிலின் கடைசிக்கு முந்தின பெட்டியில் எல்லோரும் அவரை 'முழுப்பாட்டு' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் அது தன் ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்போலத் திரும்பிப் பார்ப்பார்.

வயது நாற்பதுக்குள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். நீலச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் சாப்பாட்டுப் பை. இதுவரை எந்த வித்தியாசமும் இல்லை. அந்த ரயிலில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்பார்கள். ஆனால் இருக்கை கிடைத்ததும் அவர் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் சொம்பை எடுப்பார். கைக்குட்டையால் உள்ளே துடைப்பார். பாட்டைத் தட்டிவிட்டு, ஃபோனைத் தலைகீழாகச் சொம்புக்குள் இறக்குவார். சொம்பை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், ஆடி மாதத்து அம்மன் கோயில் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று குட்டி போட்டதுபோல அந்தச் சொம்பு பெட்டி முழுக்கப் பாடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எஸ்டேட்டில் உள்ள ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மென்பொருள் கம்பெனி. அங்கே மூன்று வாரம் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதை முழுப்பாட்டிடம் பயன்படுத்தினேன்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் இயர்போன்ல கேக்கலாமே."

கண்ணைத் திறக்காமல் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். பொறுத்தேன். திருநின்றவூர் வந்தது, போனது. விரல் இறங்கவில்லை. நெமிலிச்சேரியில் பாட்டு முடிந்தது, விரலும் இறங்கியது.

"இன்னா நைனா கேட்ட?"

"இயர்போன்ல..."

"காதுல சொருவிகினா எனக்கு மட்டும்தான கேக்கும்?"

"ஆமாண்ணா. அதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப உனுக்கு?"

மூன்று வாரப் பயிற்சியை மனசுக்குள் புரட்டினேன். அதற்குள் அடுத்த பாட்டு சொம்புக்குள் இறங்கிவிட்டது.

சத்தம்கூடப் பெரிய விஷயமில்லை. அவருக்கு ஒரு சட்டம் உண்டு: ரயிலில் ஆரம்பித்த பாட்டு ரயிலிலேயே முடிய வேண்டும். அவர் இறங்க வேண்டியது பட்டரவாக்கம். எனக்கும் அதே ஸ்டேஷன்தான். பட்டரவாக்கம் வரும்போது பாட்டு இரண்டாவது சரணத்தில் இருந்தால், மனிதர் இறங்கமாட்டார். நாங்கள் இறங்கி நடைமேடையிலிருந்து பார்ப்போம். ஜன்னலுக்குள் கண்ணை மூடியபடி, சொம்பைக் கட்டிக்கொண்டு, கொரட்டூரை நோக்கி நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். கொரட்டூரில் பாட்டை முடித்து, படியேறி இறங்கி, எதிர்த்திசை வண்டி பிடித்துத் திரும்பி வருவார். அதற்குள் கம்பெனி கேட்டைச் சாத்தியிருப்பார்கள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்.

"அண்ணா, இறங்கி பிளாட்பாரத்துல உக்காந்து மீதியக் கேக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பிளாட்பாரப் பாட்டா பூடுமே."

"திருமுல்லைவாயலோட நிறுத்திட்டா?"

"மீதி ரெண்டு ஸ்டேஷனுக்கு?"

"சும்மா வரலாம்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் வீட்டில் எனக்குச் சரியாகச் சோறு போடுகிறார்களா என்று சந்தேகப்படுகிற பார்வை.

ஏன் இப்படி என்று பலரும் விசாரித்திருக்கிறார்கள். சின்ன வயதில் பாதிப் பாட்டில் கரண்ட் போய் மூன்று நாள் காய்ச்சலில் படுத்ததாக என்னிடம் சொன்னார். பாடகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நாம் எழுந்து போவது பாவம் என்று சாந்தி அக்காவிடம் சொன்னார். சீட்டாடும் பாஸ்கர் அண்ணனிடம், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். மூன்றையும் ஒரே முகத்தோடு சொன்னார்.

இந்த இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாந்தி அக்கா திருநின்றவூரில் ஏறுவார். அந்த ஊரின் பழைய குடும்பம். வயல் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது, அதில் ஒரு வீடு இவர்களுடையது. எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். குரல் தையல் மெஷின் நூறு ஓடினாலும் கேட்கும். பாஸ்கர் அண்ணன் பட்டாபிராமில் ஏறுவார். மடியில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரோடு சீட்டாடுவார். வில்லிவாக்கம்வரை போகிறவர், ஆகவே யாருடைய அவசரமும் அவருக்கில்லை. இருவரும் முழுப்பாட்டைத் திட்டாத நாள் கிடையாது. ஒருமுறை பாஸ்கர் அண்ணன், "தூக்குங்கடா மாமே" என்று கட்டளையிட, சீட்டுக் கோஷ்டி முழுப்பாட்டைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பட்டரவாக்கத்தில் வைத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. சொம்பைத் தட்டி நிறுத்தினார். அடுத்த வண்டி வந்ததும் ஏறி, விட்ட இடத்திலிருந்து போட்டுக் கேட்டபடி கொரட்டூர் போய் வந்தார்.

என் மென்பொருளுக்கு வருகிறேன். அதன் பெயர் தேன்குழல். இசை, குழல், தேன் என்று யோசித்து யோசித்து வைத்த பெயர். கேட்டவர்கள் எல்லோரும், "பலகாரக் கடையா தம்பி?" என்றார்கள். ஒவ்வொரு சனி ஞாயிறும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். ஒலியை ஏற்றி இறக்கப் பதினெட்டுப் பட்டை, பாட்டின் மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும் திரை, ஃபோனைக் குலுக்கினால் பாட்டு மாறும் வசதி, முன்பு கேட்டதை வைத்து இனி கேட்கப்போவதை ஊகிக்கும் மூளை. வெளியிட்டேன். பதிவிறக்கியவர்கள் என் அம்மா, என் தங்கை, என் பழைய ஃபோன். அம்மா ஒரே நாளில் அதை நீக்கிவிட்டாள். மாவு அரைக்கும்போது ஃபோன் குலுங்கி ஒரு நிமிடத்துக்கு நாலு பாட்டு மாறியதாம்.

பயனருக்கு என்ன வேண்டும் என்று பயனரையே கேள் என்பது எங்கள் ஆபீஸ் வேதம். கேட்டேன், பெட்டியில் இருந்தவர்களை.

சாந்தி அக்கா யோசிக்கவே இல்லை. "மாமியார் வர்ற சத்தம் கேட்டா அதுவா சாமிப் பாட்டுக்கு மாறணும்."

"அது எப்படிக்கா அதுக்குத் தெரியும்?"

"கொலுசு சத்தம் கேக்குமே. நீதான படிச்சவன், பாரு."

பாஸ்கர் அண்ணன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பாடாத பாட்டு வோணும்."

"வெறும் இசையாண்ணே?"

"அதுவும் வோணாம்."

ஆவடிவரை தூங்கிக்கொண்டு வரும் ஒருவரை எழுப்பிக் கேட்டேன். ஆவடி வந்ததும் தன்னை மட்டும் எழுப்புகிற, மற்றவர்களைத் தாலாட்டுகிற பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு, இதற்காகவா எழுப்பினாய் என்று முறைத்தார்.

நிறம் மாறும் திரையை யாருமே கேட்கவில்லை. நான் குறிப்பாகக் காட்டிய பிறகும் கேட்கவில்லை.

முழுப்பாட்டிடம் பாட்டு முடிந்த இடைவெளியில் கேட்டேன். அவருக்குப் பேச்சு ஊற்றெடுத்துவிட்டது. "முத வேல, அடுத்த பாட்டுக்குப் போற பட்டன் கீது பாரு, அத எடுத்துரு. எடுக்க முடியாதா, சரி, அத அமுக்குனா 'இன்னா கொற கண்ட'ன்னு ஒரு கேள்வி கேக்கணும். பதில் சொல்லிட்டுத்தான் தாண்டணும். அப்புறம் பாட்டு ஓடும்போது கால் வந்தா, கூப்டறவங்கள ஓரமா ஒக்கார வெச்சு மீதிப் பாட்ட அவங்களுக்கும் போடணும்."

"உங்க வீட்டுக்காரம்மா கூப்பிட்டா?"

"அதுக்குப் பயக்கம் நைனா. அது கூப்டாது. 'பாட்டு முடிஞ்சா பேசு'ன்னு மெசேஜ் போட்டுரும்."

சொம்புக்கென்று தனி ஒலியமைப்பும் கேட்டார். என் பதினெட்டுப் பட்டைகளையும் மேலும் கீழும் இழுத்து, சொம்புக்குள் வைத்தால் இரையாத ஓர் அமைப்பைச் செய்தேன். 'சொம்பு' என்று பெயர் வைத்து, தேன்குழலை அவர் ஃபோனில் ஏற்றினேன். என் வாழ்க்கையில் பயனர் ஒருவர் கேட்டு நான் செய்த முதல் வசதி அதுதான். ஆபீஸில் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை முழுப்பாட்டு ஏறினார், உட்கார்ந்தார், பட்டாபிராம் தாண்டியும் சொம்பை எடுக்கவில்லை. பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"இன்னாயா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் சாந்தி அக்கா.

"கும்மிடிப்பூண்டில புச்சா யூனிட்டு போடறானுங்கக்கா. இங்கேர்ந்து ஆள் அனுப்பணுமாம். யாரு லேட்டா வர்றானோ அவன்தான் மொத ஆளுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இந்த மாசத்துல இன்னொரு தபா கேட்டு சாத்துனப்புறம் வந்து நின்னேன்னா, நான் கும்மிடிப்பூண்டி."

வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போவதென்றால் இந்த லைனில் கடைசிவரை போய், இறங்கி, வேறொரு லைனில் ஏறி, மறுபடி ஊருக்கு வெளியே போக வேண்டும்.

"போ மாமே," என்றார் பாஸ்கர் அண்ணன். "அந்த லைன்ல கீறவனுங்களும் கொஞ்சம் கஷ்டப்படட்டும்."

சீட்டுக் கோஷ்டி சிரித்தது. முழுப்பாட்டும் சிரித்தார். பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது. அது எய்ந்திரிக்கறதுக்கு முன்னாடி கெளம்பணும். வந்து சேர்றதுக்குள்ள தூங்கிடும். ஞாயித்துக்கெயம அப்பான்னு பேரு வெச்சிரும்."

அதன் பிறகு பாஸ்கர் அண்ணன் சீட்டைத் தப்பாகப் பிரித்துப் போட்டு, மறுபடி கலைத்தார்.

"ஏன்யா, ஒரு மாசம் பாட்டு போடாம வரக்கூடாதா?" என்றார் சாந்தி அக்கா.

"வரலாம்க்கா. மூச்சு வுடாமகூட வரலாம்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் புது யோசனை ஒன்று தலைக்குள் நுழைந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும், எனக்கு அப்படியோர் அமைப்பு.

"அண்ணா, கவலைய விடுங்க. பட்டரவாக்கத்துல சரியா முடியற மாதிரி பாட்டு போடற வசதிய நான் பண்றேன்."

"முடியுமா நைனா?"

"இதெல்லாம் சாதாரணக் கணக்குண்ணா."

'சாதாரணக் கணக்கு' என்று சொன்ன இந்த வாயை இப்போது நினைத்தாலும் ஊசி நூலெடுத்துத் தைத்துவிடலாம்போல இருக்கிறது.

முதல் முயற்சியில் ரயில் கால அட்டவணையை உள்ளே ஏற்றினேன். எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வரும், அதற்குள் எந்தப் பாட்டு முடியும் என்று மென்பொருள் கூட்டிக் கழித்துப் போடும். மறுநாள் வண்டி ஆவடிக்கு முன்னால் வழக்கம்போல ஓய்வெடுத்தது. அட்டவணைக்கு அது தெரியாது. அட்டவணைப்படி நாங்கள் பட்டரவாக்கத்தில் இறங்கிய நேரத்தில் உண்மையில் அண்ணனூரில் இருந்தோம். பாட்டு முடிந்தது. அங்கிருந்து பட்டரவாக்கம்வரை முழுப்பாட்டு பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை. காலை ஆட்டினார். சொம்பைத் தட்டினார். விரல் ஃபோன் பக்கம் ஊர்ந்தது. கடைசியில் சாந்தி அக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. "இதோ வந்துடுச்சி, இதோ வந்துடுச்சி."

இரண்டாவது முயற்சியில் அட்டவணையை நம்பவில்லை, செயற்கைக்கோளை நம்பினேன். வண்டி எங்கே இருக்கிறதென்று ஃபோனே பார்த்துக்கொள்ளும். வண்டி மெதுவாகப் போனால் பாட்டும் மெதுவாகும், வேகமெடுத்தால் வேகமாகும், இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேரும். எழுதி முடித்தபோது என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மறுநாள் ஹிந்து காலேஜ் ஸ்டேஷனில் இனிமையான பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தவர், ஆவடிக்கு முன்னால் வண்டி ஊர்ந்தபோது கட்டைக் குரல் ஆணாகி, அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடும் ஆவியானார். தூங்கிக்கொண்டிருந்த ஆவடிக்காரர் அலறி எழுந்தார். அதோடு வண்டி நகர்ந்து அண்ணனூர் தாண்டியது. பாட்டு மட்டும் ஊர்ந்துகொண்டே இருந்தது. மென்பொருளைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் ஆவடிக்கு முன்னால்தான் நின்றோம்.

நான் ஃபோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிக்னல் சுத்தமாக இல்லை.

"சொம்புக்குள்ள போட்டா எப்டிப்பா சேட்லைட்டுக்குத் தெரியும்?" என்றார் பாஸ்கர் அண்ணன், சீட்டைப் போட்டபடி.

சொம்பு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முழுப்பாட்டு சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆகவே என் ஃபோனை ஜன்னல் கம்பியில் ஒட்டிப் பிடித்து, வானத்தைப் பார்க்கவைத்து, அது பார்த்ததைச் சொம்புக்குள் இருக்கும் ஃபோனுக்குச் சொல்லுகிற மாதிரி செய்தேன். பொறியியல் பட்டம் வாங்கிய ஒருவன் தினமும் காலையில் ஜன்னல் கம்பியில் கையை ஒட்டிவைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்ததைத் திருமுல்லைவாயல் நடைமேடையில் நின்ற பலர் பார்த்திருக்கிறார்கள். கல்லூரியில் என்னோடு படித்த பெண் ஒருத்தியும் பார்த்தாள். கையசைத்தாள். நான் அசைக்கவில்லை, அசைத்தால் பாட்டு ஆடும்.

மூன்றாவது முயற்சி கொஞ்சம் திருட்டுத்தனம். நேரம் போதாவிட்டால் பாட்டின் நடுவில் கொஞ்சம் வெட்டி, தெரியாமல் ஒட்டிவிடும். அம்பத்தூரில் முழுப்பாட்டு கண்ணைத் திறந்தார்.

"நைனா. ரெண்டாவது சரணம் எங்க?"

"எந்த சரணம்ணா?"

"வயலின் வருமே, அதுக்கு அப்பால."

"அது... சுருக்கின பாட்டுண்ணா. இப்ப எல்லாம் இப்படித்தான் கேக்கறாங்க."

"கல்யாணச் சாப்பாட்டுல சாம்பாருக்கு அப்பால நேரா வெத்தலப் பாக்கா?"

அந்த வசதியை அன்றே எடுத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. பாட்டை நீட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். திருமுல்லைவாயலில் வண்டி கிளம்பும்போது, மீதி தூரத்துக்குச் சரியாக இருக்கும் பாட்டை அவருடைய சேமிப்பிலிருந்து தேடிப் போட வேண்டும். ஆரம்பிப்பதை மட்டும் முன்னே பின்னே நகர்த்தலாம். எளிமையான யோசனை. அதனாலேயே எனக்குக் கடைசியில் தோன்றியது. நன்றாக வேலை செய்தது. கடைசி இசை ஓய்கிறபோது பட்டரவாக்கம் பெயர்ப்பலகை ஜன்னலில் வந்து நிற்கும். முழுப்பாட்டு கண்ணைத் திறந்து, சொம்பைப் பையில் வைத்து, மாப்பிள்ளைபோல இறங்குவார். "உன் வாய்க்குச் சக்கர போடணும் நைனா" என்பார். எனக்குக் கால் தரையில் படாது. மாசம் இப்படியே போய், கடைசி நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் நேரத்துக்குப் போய்விட்டால் கும்மிடிப்பூண்டி வேறொருவருக்கு.

வண்டி திருமுல்லைவாயலில் கிளம்பியது. நிலாவைக் கூப்பிட்டு வம்பிழுக்கும் பழைய காதல் பாட்டு ஒன்றை மென்பொருள் தேர்ந்தெடுத்தது. சரியான தேர்வு. அம்பத்தூரில் முதல் சரணம் முடிந்தது. கிளம்பியதும் வயலின் வந்தது. நான் சாந்தி அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன், எப்படி என்று.

வயலின் நின்றது.

சொம்புக்குள் மௌனம். முழுப்பாட்டு கண்ணைத் திறந்தார். ஃபோனை வெளியே எடுத்தார். திரையில் ஒரு சிரிக்கும் பொம்மை, அதன் கீழே: 'தேன்குழல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.'

நான் போட்டதுதான். பயனர் மகிழ்ச்சியின் உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் நட்சத்திரம் நிறைய விழும் என்று இணையத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் சேர்த்தேன். உச்சம் எப்போது என்று என் மென்பொருள் மிகச் சரியாகக் கண்டுபிடித்திருந்தது.

முழுப்பாட்டு பதறி ஐந்து நட்சத்திரத்தையும் அமுக்கினார். கருத்து எழுதச் சொன்னது. 'நல்லாகீது' என்று எழுதினார். இன்னும் சற்று விரிவாக எழுதுமாறு கேட்டது. நான் பிடுங்கி எதையோ அமுக்க, திரை அப்படியே உறைந்துவிட்டது. பொம்மை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா," என்றார் பாஸ்கர் அண்ணன்.

"அதுக்குள்ள ஸ்டேஷன் வந்துடும்ணே."

வந்துவிட்டது. வண்டி வேகம் குறைந்தது. இறங்குகிறவர்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். முழுப்பாட்டு நகரவில்லை. சொம்பை மடியில் வைத்து அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணா, ப்ளீஸ். இன்னிக்கு ஒரு நாள்."

"வுடு நைனா. உம்மேல தப்பு இல்ல. கும்மிடிப்பூண்டி பக்கம் கடல் காத்து வரும்னு சொல்றாங்க."

வண்டி நின்றது.

வாசலில் ஒரு காலை வைத்திருந்த சாந்தி அக்கா திரும்பினார். பாட ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தை, வயலின் விட்ட இடத்திலிருந்து. இனிமை என்று சொல்லமுடியாது. மெஷின் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற அதே குரல். ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே எத்தனை நாள் கேட்டிருக்கிறோம். நானும் சேர்ந்துகொண்டேன். என் குரலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அம்மா சொல்லியிருக்கிறாள். பாஸ்கர் அண்ணன் மடிச் செய்தித்தாளில் தாளம் தட்டினார், சீட்டெல்லாம் சிதறியது. கோஷ்டியில் மற்ற மூன்று பேரும் 'லலலா' வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நேரம் இல்லாததால் எல்லோரும் இரண்டு மடங்கு வேகத்தில் பாடினோம்; நிலாவை நிற்கவைத்து அதட்டுகிற மாதிரி இருந்தது. ஏற வந்தவர்கள் நடைமேடையிலேயே நின்று, வேறு பெட்டிக்கு ஓடினார்கள்.

முழுப்பாட்டின் கை தளர்ந்தது. எழுந்தார். சொம்பை ஏந்திக்கொண்டு, பாட்டோடு பாட்டாக ஒவ்வோர் அடியாக வாசலுக்கு வந்தார். நாங்கள் பல்லவியைப் பாடி முடித்தோம்.

"முடிஞ்சிச்சி, எறங்குயா," என்றார் சாந்தி அக்கா.

"கடைசில ரெண்டு தபா வரும்க்கா."

"உன்ன பெத்தவங்கள..." என்று ஆரம்பித்த சாந்தி அக்கா, அதே மூச்சில் பல்லவியை மறுபடி எடுத்தார். ஹாரன் அடித்தது. பெட்டியே கத்தியது. கடைசிச் சொல் விழுந்தது, வண்டி அசைவதற்கும் அவர் நடைமேடையில் குதிப்பதற்கும் சரியாக இருந்தது. ஓடினார். பையும் சொம்பும் இரண்டு பக்கமும் ஆட, எஸ்டேட் பக்கம் பார்த்து ஓடினார். நடுவில் ஒரு கணம் திரும்பி, "வயலினு கொஞ்சம் கம்மி" என்று கத்தியது காற்றில் வந்தது.

பெட்டியில் கைதட்டல். பாஸ்கர் அண்ணன் என் தோளைக் கட்டிக்கொண்டார். சாந்தி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்து, மூச்சு வாங்கி, வெளியே பார்த்தார்.

"டேய் தம்பி. நாம எறங்கலியே."

அன்று கொரட்டூருக்குப் போனது நானும் சாந்தி அக்காவும். படியேறி இறங்கி, எதிர்த்திசை வண்டிக்காகக் காத்திருந்தோம். "சூப்பர்வைசரே நான்தான், என்ன யாரு கேப்பாங்க" என்று அவர் தைரியமாக இருந்தார். என்னைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். அன்று காலை ஆபீஸில் நான் பேசவேண்டிய தலைப்பு, 'பயனர் உண்மையில் விரும்புவது என்ன'. நான் போய்ச் சேர்ந்தபோது அதை வேறொருவர் விளக்கி முடித்திருந்தார்.

மறுநாள் வேப்பம்பட்டில் முழுப்பாட்டு ஏறினார். திருநின்றவூரில் சாந்தி அக்கா ஏறியதும் கேட்டார், "கேட்டு சாத்தறதுக்குள்ள போய்ட்டியா?"

"போய்ட்டேன்க்கா. வாட்ச்மேன் கைய வெச்சான், உள்ள பூந்துட்டேன். வேற ஆள அனுப்பறாங்களாம்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவர் சொம்பை எடுக்கவில்லை. பையை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "பொண்ணாண்ட சொன்னேன், ரயில்ல எல்லாரும் எனக்கோசரம் பாடுனாங்கன்னு. நம்ப மாட்டேங்குது. இனிமே உங்களுக்கெல்லாம் தொல்ல தர்றதில்லன்னு கீறேன்."

நாங்கள் எல்லோரும் எத்தனையோ நாள் கேட்ட அமைதி ஒருவழியாக வந்துசேர்ந்தது. மின்விசிறி கடகடத்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். நெமிலிச்சேரி வந்தது, போனது. அந்த வண்டி இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பட்டாபிராமில் பாஸ்கர் அண்ணன் ஏறி, பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வண்டி கிளம்பியது. சாந்தி அக்கா ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"இன்னா ஒக்காந்துனுகீற? வண்டி இன்னிக்கு நேரத்துக்குப் போவுது. நீட்டுப் பாட்டா மூணு இப்ப போட்டாத்தான் பட்டரவாக்கத்துக்கு முடியும்."

முழுப்பாட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாஸ்கர் அண்ணனைப் பார்த்தார். பாஸ்கர் அண்ணன் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார். பையிலிருந்து மெதுவாகச் சொம்பு வெளியே வந்தது.

நான் ஜன்னலோர இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்தேன். அங்கேதான் நன்றாகக் கேட்கும்.